ஏரி வண்டலில் அச்சு வரை புதைந்த 50 எச்பி டிராக்டர்: ஜேசிபி இழுக்கும் முன் என்ன செய்யணும்?

ஆனேக்கல் வண்டல் (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். பெங்களூரு பக்கத்துல ஆனேக்கல்ல ஒரு ஏரியில வண்டல் ஏத்துற வேலை. வண்டி 50 எச்பி, டூ வீல் டிரைவ், பின் டயர் 14.9-28, மொத்த எடை 2.2 டன் பக்கம். பின்னாடி டிப்பர் டிரெய்லர், முக்கால்வாசி லோடு. மேல் மண் காய்ஞ்சு வெடிச்சிருந்தது, அடியில முழுக்கக் களி. பின் சக்கரம் ரெண்டும் அச்சு வரை இறங்கிடுச்சு. கியர்பாக்ஸ் ஹவுசிங் சேத்துல உட்கார்ந்திருக்கு, முன் சக்கரம் பாதி முங்கியிருக்கு.

வண்டியோட மூக்கு கரையைப் பார்த்து நிக்குது. கரை 20 மீட்டர் தூரம். வந்த தடத்துல 25 மீட்டர் பின்னாடி போனா கெட்டி நிலம். நாளைக் காலையில ஜேசிபி வரும். டிரைவர் கரை மேல நின்னு முன்பக்கம் ரோப் போட்டு ஒரே இழுப்புல எடுத்துடலாங்கிறார். ஆளுங்க பின் சக்கரத்துல கட்டை கட்டி ஏத்தலாங்கிறாங்க. கையில 16 மி.மீ. வயர் ரோப் 30 மீட்டர், 10 டன் பாட்டில் ஜாக், கொஞ்சம் சென்ட்ரிங் ஷீட் (கான்கிரீட் போட அடியில வைக்கிற இரும்புத் தகடு) இருக்கு. எதை முதல்ல செய்யணும்?

ஹொஸ்கோட்டே பட்டறை

தம்பி, ஜேசிபி வர்றதுக்கு முன்னாடி உங்க கையில ஒரு ராத்திரி இருக்கு. பாதி வேலை அதுக்குள்ள முடிஞ்சிடணும். இனிமே ஒரு தடவைகூட ஆக்ஸிலரேட்டரை மிதிச்சுச் சக்கரத்தைச் சுத்த விடாதீங்க. டயர் பட்டன் (மண்ணைப் பிடிக்கிற ரப்பர் மேடு) இடுக்கெல்லாம் களி அடைச்சிட்டா அந்த டயர் மொட்டை டயர்தான். ஒவ்வொரு சுத்துக்கும் தன் குழியைத் தானே ஆழமாக்கிக்கும்.

டிரெய்லரைக் கழட்டுங்க. ஒரு யூனிட், அதாவது 100 கன அடி ஈர வண்டல், நாலரை டன்னுக்குக் குறையாது. முக்கால் லோடுன்னா மூணரை டன். டிரெய்லரோட சொந்த எடை தனி. பின் டோரைத் திறந்து மண்வெட்டியால இறக்குங்க. ஹைட்ராலிக் போட்டு டிப் பண்ணவே கூடாது. ஒரு பக்கச் சக்கரம் அதிகமா இறங்கியிருந்தா, பெட்டி மேல எழும்பும்போது டிரெய்லர் பக்கவாட்டுல கவிழும், டிராக்டரையும் முறுக்கும். முன்பக்க மண்ணை முதல்ல எடுங்க. பின்பக்கம் மட்டும் காலியானா ஏர்க்கால் (டிரெய்லரை டிராக்டரோட மாட்டுற முன் சட்டம்) டிராக்டர் ஹுக்கை இன்னும் அழுத்தும்.

அடுத்தது பள்ளம் பறிக்கிறது. அச்சு வரைன்னா ஏறக்குறைய 2 அடி ஆழம். வண்டியை வந்த வழியே பின்னாடிதான் எடுக்கணும், அதனால பின் சக்கரத்துக்குப் பின்னாடி, டயரோட அடிமட்டத்துல ஆரம்பிச்சு 1-க்கு 3 சரிவுல (3 அடிக்கு 1 அடி ஏத்தம்) 6 அடி நீளத்துக்கு வெட்டணும். அகலம் டயரைவிட ரெண்டு பக்கமும் அரை அடி கூடுதலா இருக்கட்டும். முன் சக்கரத்துக்குப் பின்னாடியும் இதே மாதிரி சின்னதா ஒண்ணு. இதை நிறைய பேர் விட்டுடுவாங்க. அப்புறம் முன் அச்சு கலப்பை மாதிரி சேத்தை உழுதுகிட்டே வரும்.

ஹவுசிங்தான் முக்கியம். களி அதை உறிஞ்சிப் பிடிச்சிருக்கும். ரெண்டு பக்கமும் ஹவுசிங்குக்கு ஒரு அடி கீழ வரைக்கும் வாய்க்கால் வெட்டி, கடப்பாரையை அடியில குறுக்கே விட்டு வெளிச்சம் தெரியற வரைக்கும் நோண்டுங்க. காத்து உள்ளே போனாத்தான் அந்தப் பிடி விடும். கை எட்டாத இடத்துல ஒரு அங்குல ஜிஐ பைப்பைச் சாய்வா நுழைச்சுத் தண்ணி அடிக்கலாம். ஆனா அதை இழுக்கறதுக்குக் கொஞ்சம் முன்னாடி மட்டும் செய்யுங்க. ராத்திரியே தண்ணி விட்டா வண்டி இன்னும் இறங்கும்.

வண்டியிலிருந்து ஆறேழு அடி தள்ளி 3 அடிக் குழி வெட்டி, எல்லா வாய்க்காலையும் அதுல சேருங்க. ஊறுற தண்ணி அங்கே போகட்டும். மட் பம்ப் கிடைச்சா நல்லது, இல்லேன்னா பக்கெட் போதும். சாதா மோனோபிளாக் தண்ணி மோட்டாரை இதுல விடாதீங்க, இம்பெல்லர் களியில அடைச்சிடும்.

ரிக்கிங் வேலை, பீன்யா

கரைப் பக்கம் இழுக்கிற யோசனையை விட்டுடுங்க. ஏரியில நைஸான களி படியறது கரையோரமும் மதகுப் பக்கமும்தான். நீர்வரத்து வாய்ப் பக்கம் போகப் போக மணல் கலந்து கெட்டியா இருக்கும். முன்னாடி இழுத்தா இதைவிட மோசமான சேத்துக்குள்ள கொண்டுபோறீங்க. கரைச் சரிவு 1-க்கு 2-ன்னா, சரிவு ஏத்தவே கூடுதலா ஒரு டன் இழுவை வேணும். கரை விளிம்புல நிக்கிற ஜேசிபிக்கும் ஆபத்து, கரையும் உடையும். வந்த தடம் ஏற்கெனவே அமுங்கின மண். அந்த வழியா பின்னாடிதான் எடுக்கணும்.

இப்போ கணக்கைப் பாருங்க. மீட்பு வேலையில பொதுவா வைக்கிற கணக்கு இது: சக்கரம் மட்டும் புதைஞ்சிருந்தா வண்டி எடை அளவுக்கு இழுவை, மட்கார்டு வரைன்னா ரெண்டு மடங்கு, பாடியே முங்கினா மூணு மடங்கு. உங்க ஹவுசிங் உட்கார்ந்துட்டதால ரெண்டு மடங்கு வைங்க, 4.4 டன். லோடு டிரெய்லர் 5 டன். ரெண்டையும் சேர்த்து இழுத்தா 9 டன்னைத் தாண்டுது. 16 மி.மீ. வயர் ரோப் புதுசா இருந்தாலே 15 டன் வாக்குல அறுந்துடும். முனையை மடக்கி புல்டாக் கிளாம்ப் (ரோப்பை இறுக்குற யு-போல்ட் பிடி) போட்டிருந்தா அதுல 80 சதவீதம், அதாவது 12 டன். 9 டன் தேவைப்படுற இடத்துல ஜேசிபி ஓடிவந்து ஒரு உலுக்கு உலுக்கினா ரோப் நிக்காது. அந்த ரோப்புக்கு நம்பி வைக்கக்கூடிய வேலைச் சுமை 3 டன்தான். டிரெய்லரைக் கழட்டி, மேல சொன்ன மாதிரி தோண்டினா இழுவை 2.2 டன்னுக்குக் கீழ வந்துடும். அப்போ இதே ரோப் போதும்.

ரோப்புல கம்பி இழை அறுந்திருந்தாலோ, நசுங்கி மடிஞ்ச இடம் இருந்தாலோ பயன்படுத்தாதீங்க. கிளாம்ப் குறைஞ்சது 3. கிளாம்போட சேணம் (யு-போல்ட் மாட்டுற அடித்துண்டு) சுமை தாங்குற நீளக் கயிறு மேல உட்காரணும், யு-போல்ட் வெட்டு முனைப் பக்கம் வரணும். மாத்திப் போட்டா சுமை தாங்குற இழையையே போல்ட் நசுக்கும். செயின் வாங்கறதா இருந்தா கிரேடு 80 பாருங்க: 10 மி.மீ. 3.15 டன், 13 மி.மீ. 5.3 டன். ஷேக்கில் (ரோப்பையும் செயினையும் மாட்டுற பின் போட்ட இரும்பு வளையம்) 4.75 டன் போ ஷேக்கில். ஹார்டுவேர் கடையில எடை முத்திரை இல்லாம தொங்குற ஷேக்கில் வேண்டாம்.

மாட்டுற இடம் டிரெய்லர் ஹுக் பிராக்கெட், அதாவது அச்சு மையத்துக்குக் கீழ. டாப் லிங்க்ல (கலப்பை மாட்டுற மேல் கம்பி) மாட்டாதீங்க. லோயர் லிங்க்லயும் (கீழ் கம்பி) வேண்டாம், வளைஞ்சிடும். ஜேசிபி கெட்டி நிலத்துல, பேக்ஹோ (பின்பக்கம் தோண்டுற கை) உங்க வண்டியைப் பார்க்கிற மாதிரி நிக்கட்டும். ஸ்டெபிலைசர் (பக்கவாட்டுத் தாங்குகால்) ரெண்டையும் பலகை மேல இறக்கி, பேக்ஹோ கையை நீட்டி, ரோப் டைட்டான பிறகு கையை மெதுவா மடக்கி இழுக்கணும். ஜேசிபியை ஓட்டி இழுக்கக் கூடாது. ரோப்பைப் பக்கெட் பல்லுல மாட்டினா வழுக்கி வெளியே வரும். பக்கெட்டுல லிஃப்டிங் கண் இருந்தா அதுல ஷேக்கில் போடுங்க, இல்லேன்னா பக்கெட் பின்னைச் சுத்தி செயின் போடுங்க. ஒரு மடக்குல 2, 3 மீட்டர் வந்தாப் போதும். ஹவுசிங் எழுந்துட்டா மிச்சத்தை டிராக்டரே பார்த்துக்கும்.

ரோப் நடுவுல ரெண்டு மூணு ஈரச் சாக்கைப் போட்டு வைங்க. அறுந்தா அது அடிக்கிற வேகத்தைச் சாக்கு குறைக்கும். ரோப் நீளத்துக்கு ஒன்றரை மடங்கு தூரத்துக்குள்ள ஒருத்தரும் நிக்கக் கூடாது. வீடியோ எடுக்கிறவரும்தான்.

இன்னொரு டிராக்டர் கொண்டுவரலாமான்னு யாராவது கேட்பாங்க. ஈர நிலத்துல டிராக்டர் தன் எடையில பாதியை இழுத்தாலே அதிகம். உங்களுக்கு வேண்டிய இழுவைக்கு அது போதாது, அதுவும் பக்கத்துல புதையும்.

சர்ஜாப்பூர் ஓட்டுநர்

கட்டை விஷயத்துல ஜாக்கிரதை. முன்னோக்கிப் போற கியர்ல, சக்கரம் கட்டையோட பூட்டிக்கிட்டா, என்ஜின் திருப்பம் சக்கரத்தைச் சுத்த முடியாம வண்டியோட உடம்பையே அச்சைச் சுத்தித் தூக்கும். முன் சக்கரம் எழும்ப ஆரம்பிச்சு முக்கால் செகண்டுல திரும்ப முடியாத நிலைக்குப் போயிடும். டிரைவர் கிளச்சை மிதிக்க நினைக்கிறதுக்குள்ள வண்டி மல்லாந்துடும்.

ரிவர்ஸ்ல அந்த எதிர்விசை மூக்கைக் கீழ அழுத்தும், அதனால மல்லாக்கிற அபாயம் இல்லை. அப்பவும் ரெண்டு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே நீளக் கட்டை கட்டாதீங்க. அது ஹவுசிங் அடியில போய் இடிச்சு நிக்கும். சக்கரத்துக்கு ஒண்ணா, டயர் அகலத்தைவிட அரை அடி நீளமா, 4 அங்குல தைலமரக் கட்டை. டயரோட பின்பக்கம் கீழே கட்டணும். சக்கரம் அரைச்சுத்து சுத்தினதும் கட்டை முன்பக்கம் வெளியே வரும். அங்கேயே நிறுத்தி அவிழ்த்துடுங்க. இன்னும் சுத்தினா கால்பலகையையும் மட்கார்டையும் பிச்சுடும், அங்கேதான் உங்க கால் இருக்கு. ஜேசிபி வரும்போது இந்த வேலையே தேவைப்படாதுங்கிறது என் எண்ணம்.

டிஃப்ரன்ஷியல் லாக்கை (பின் சக்கரம் ரெண்டையும் சேர்ந்து சுத்த வைக்கிற பூட்டு) சக்கரம் நின்னிருக்கும்போது, கிளச்சை மிதிச்சுப் போடுங்க. ஒரு சக்கரம் சுத்திக்கிட்டிருக்கும்போது மிதிச்சா பல் உடையும், சில சமயம் ஆக்சில் ஷாஃப்டே போகும். லாக் இல்லாத வண்டின்னா பிரேக் பெடல் இணைப்பைக் கழட்டி, சும்மா சுத்துற பக்கத்து பிரேக்கை மட்டும் லேசா அழுத்துங்க. திருப்பம் அடுத்த சக்கரத்துக்குப் போகும். ரிவர்ஸ் லோ, 1200 ஆர்பிஎம் போதும். ரோப் தொய்யற அளவுக்கு முந்தாதீங்க, தொய்ஞ்ச ரோப் பின் சக்கரத்துக்குள்ள போய்ச் சுத்திக்கும்.

பின் டயர்ல காத்து 20 பிஎஸ்ஐ இருந்தா 12-க்கு இறக்குங்க. 10-க்குக் கீழ போனா ரிம் டயருக்குள்ள வழுக்கி டியூப் வால்வைப் பிச்சுடும்.

ஆனேக்கல் வண்டல்

ரொம்ப நன்றி அண்ணா, எல்லாருக்கும். லோடு இறக்கிட்டோம். இப்போ ரெண்டு சிக்கல். ஹிட்ச் பின் இறுகிக்கிச்சு, சுத்தியால் அடிச்சும் வரலை. சென்ட்ரிங் ஷீட்டைச் சக்கரத்துக்குப் பின்னாடி போட்டா ஏறுமா? ஜாக் வெச்சா பலகையோட உள்ளே இறங்குது.

ஹொஸ்கோட்டே பட்டறை

பின்னை அடிக்காதீங்க, தலை விரிஞ்சா அப்புறம் கேஸ் கட்டிங்தான். ஏர்க்கால் எடை பின் மேல நிக்குது. ஜாக்கை ஏர்க்காலுக்கு அடியில வெச்சு மெதுவா ஏத்திக்கிட்டே பின்னைக் கையால திருகிப் பாருங்க. சுமை விட்ட அந்த இடத்துல தானா சுத்தும், அப்போ உருவுங்க. டிரெய்லர் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்துட்டு, ஹைட்ராலிக் ஹோஸைக் கழட்டின பிறகு இதைச் செய்யுங்க. அப்புறம் காலி டிரெய்லரை ஜேசிபி முதல்ல எடுக்கட்டும், உங்க பாதை திறக்கும்.

ஜாக்குக்கு ஒரு பலகை போதாது. 2 அங்குலப் பலகை நாலு வரிசையா, அதுக்கு மேல குறுக்கா நாலு, 2 அடிக்கு 2 அடி மேடை. சென்ட்ரிங் ஷீட்டை அதுக்கு அடியில போடுங்க, அதுதான் அதுக்குச் சரியான இடம். சக்கரத்துக்கு அடியில போட்டா ஈர டயர் அதைப் பின்னாடி பிடுங்கி எறியும், காலை வெட்டிடும். ஜாக்கைப் பின் அச்சுக் குழலுக்கு அடியில வெச்சு, ஒரு நேரத்துக்கு ஒரு பக்கம், 4 அங்குலம் மட்டும் தூக்குங்க. டயருக்கு அடியில கிடைக்கிற இடைவெளியில மரக்கம்பைக் கட்டையால தள்ளுங்க, கையை விடாதீங்க.

சரிவுல 3, 4 அங்குலத் தைலமரக் கம்பை 4 அடி நீளத்துக்கு வெட்டி, குறுக்கா, ஒண்ணோடொண்ணு ஒட்டி அடுக்குங்க. உங்க பக்கம் தோப்புக்குப் பஞ்சமில்லை. மேல தென்னை மட்டை. வெறும் ஜல்லி கொட்டினா களிக்குள்ள காணாமப் போயிடும். சிமெண்ட் சாக்குல கட்டிப் போட்டா நிக்கும்.

வெளியே வந்ததும் ஸ்டார்ட் பண்ணி வீட்டுக்கு ஓட்டாதீங்க. கிளச் ஹவுசிங் அடியில டிரெய்ன் ஓட்டை இருக்கும், அதுல ஒரு ஸ்பிளிட் பின் தொங்கும். அதை ஆட்டிச் சேத்துத் தண்ணியை வடிய விடுங்க, இல்லேன்னா கிளச் வழுக்கும். டிரான்ஸ்மிஷன் ஆயில் பால் காபி நிறத்துல இருந்தா தண்ணி போயிருக்கு, முழுசா மாத்தணும். முன் ஹப் கழட்டி பேரிங்கைக் கழுவிப் புது கிரீஸ் வைங்க. ரேடியேட்டர் ஃபின்ல அடைச்ச களியை என்ஜின் பக்கமிருந்து முன்னாடி நோக்கித் தண்ணி அடிச்சு எடுங்க. உலர் பிரேக் (ஆயில்ல முங்காத பிரேக்) வண்டின்னா பிரேக்கைத் திறந்து பார்க்காம டிரெய்லர் மாட்டாதீங்க.