கொரியன் தொடர் தமிழ் டப்பிங்: 'ஒப்பா'வை என்ன பண்றது?

வசனம்24:
காதல் தொடர் ஒன்றுக்குத் தமிழ் டப்பிங் ஸ்கிரிப்ட். கையில் இருப்பது ஆங்கில வசனம் மட்டும். நாயகி 'ஒப்பா' (பெண் தன்னைவிட மூத்த ஆணை நெருக்கமாக அழைக்கும் சொல்) என்கிற இடமெல்லாம் ஆங்கிலத்தில் நாயகன் பெயர்தான் இருக்கிறது. 'யூ' வருகிற இடத்தில் நீயா, நீங்களா? உதட்டசைவும் உட்காரணும்.

ஒட்டுக்கேள்வி:
ஆங்கிலத்தை ஓரமா வச்சிட்டு ஒரிஜினல் ஆடியோவைக் கேளுங்க. கொரியன் தெரியணும்னு இல்ல. வாக்கியம் 'யோ', 'நிதா', 'நிக்கா'ன்னு முடிஞ்சா மரியாதைப் பேச்சு, நீங்க போடலாம். அது இல்லாம வெட்டுன மாதிரி முடிஞ்சா நீ. யார் யார்கிட்ட எந்த சீன்ல மாறுறாங்கன்னு ஸ்கிரிப்ட் ஓரத்துல குறிச்சுக்குங்க. நாயகி முதல் தடவை 'யோ'வை விடுற சீன்லதான் தமிழ்லயும் முதல் 'நீ' விழணும். காதல் கதையில பாதி அங்கதான் நடக்குது. நடுவுல வந்த ஆங்கிலம் அதைத் தின்னுடும். கண்ணை மூடிக்கிட்டும் போடாதீங்க: அப்பாகிட்ட பையன் 'யோ' இல்லாம பேசினாலும் நம்ம பல வீட்டுல 'நீங்க'தான்.

'ஒப்பா' சொந்த அண்ணனுக்கும் காதலனுக்கும் ஒரே சொல். காதலனை 'அண்ணா'ன்னா சீன் காலி. 'மச்சான்'னா சியோல் பொண்ணு மதுரைக்கு வந்துடுவா. 'வாப்பா', 'ஏன்ப்பா' போட்டுப் பாருங்க. நெருக்கமும் வருது, 'ப்பா'வுல உதடும் சரியா மூடுது. அப்படி உட்காராத இடத்துல 'ஒப்பா'வையே விட்டுடலாம்.

ஒலிமேசை:
உதடு மூடுற ப, ம ரெண்டும் குளோசப்ல மட்டும்தான் காட்டிக்கொடுக்கும். முதுகு காட்டுற ஷாட்ல கூடுதல் சொற்களைத் தள்ளிடுங்க. 'சரங்ஹே' மூணு அசை. 'நான் உன்னைக் காதலிக்கிறேன்' எட்டு. 'ஐ லவ் யூ' மூணுதான், நம்ம பசங்க பேசுறதும் அதைத்தான். 'மியான்ஹே'வுக்கு 'மன்னிச்சிடு' நல்லா உட்காரும், ரெண்டும் ம-வுல தொடங்குது. கொரியன்லயும் வினைச்சொல் கடைசியில வர்றதால, அதிர்ச்சிச் சொல் அதே இடத்துல விழும். ஆங்கிலப் படத்துல இந்த வசதி கிடையாது.

ரெக்கார்டிங்குக்கு முன்னாடி வீடியோவோட ஃபிரேம் ரேட்டைப் பாருங்க. வினாடிக்கு 24 ஃபிரேம் ஓடுற படத்தை 25-ல ஓட்டினா ஒரு நிமிஷம் 57.6 வினாடியில முடிஞ்சிடும். வசனம் எங்கயோ போயிடும். கொரியன் வசன டிராக்கை நீக்கும்போது மூச்சு, விம்மல், நூடுல்ஸ் உறிஞ்சுற சத்தமும் சேர்ந்து போகலாம். விட்டுப் போனதைக் குரல் கொடுக்கிறவங்ககிட்டயே திரும்ப வாங்கணும்.

தெற்கத்தி:
கொரியாவோட தெற்குல இருக்கிற, தனி வட்டார வழக்கு பேசுற பூசான்காரனுக்கு நெல்லைத் தமிழ் கொடுக்கலாம்னு தோணும். ஒரு ஆளுக்குன்னா சரி. ஊரே பேசினா பாக்கிறவன் காமெடிக்குத் தயாராகிடுவான், அப்புறம் சாவு வீட்டு சீன்லயும் சிரிப்பான். சினிமா பஞ்ச் வசனத்துக்கும் இதே கதி.

ஒட்டுக்கேள்வி:
பஞ்ச் விஷயத்துல சரி. வட்டார வழக்கை முழுசா ஒதுக்கவும் வேணாம். 'ஸ்குவிட் கேம்'ல அலி, சாங்-வூவை 'சஜாங்னிம்'னு கூப்பிடுவான். அவனோ 'ஹ்யோங்'னு கூப்பிடச் சொல்வான். 'முதலாளி'யிலிருந்து 'அண்ணே'வுக்கு வந்தா, விளக்கமே வேணாம்.

வசனம்24:
'சொன்பே'?

ஒட்டுக்கேள்வி:
'சீனியர்'. நம்ம காலேஜ்ல வேற எப்படிச் சொல்றாங்க?