பானிபட்டில் ஜெயித்தது பீரங்கியா, குதிரையா?

வெடிமருந்து:
‘முகலாயர் சாதித்தது குதிரையால், பீரங்கி வெறும் சத்தம்’ என்று குதிரைவாலி வேறோர் இழையில் ஒரே வரியில் முடித்துவிட்டுப் போயிருக்கிறார். 1526 ஏப்ரலில் பானிபட்டுக்கு வந்த பாபரிடம் இருந்தவர்கள் சுமார் 12,000 பேர். டெல்லி சுல்தான் இப்ராஹிம் லோடியிடம் ஒரு லட்சம் பேர், ஆயிரம் யானை என்று பாபர் எழுதுகிறார். ஜெயித்தவர் கணக்கு, பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் பெரிய படைதான். காலையில் தொடங்கிய சண்டை நண்பகலில் முடிந்தது, லோடி களத்திலேயே செத்துக் கிடந்தார். 700 பீரங்கி வண்டிகள் இல்லாமல் இது நடந்திருக்குமா?

குதிரைவாலி:
அந்த 700-ஐ முதலில் பார்த்துவிடுவோம் நண்பரே. அவை பீரங்கி வண்டிகள் அல்ல, வெறும் வண்டிகள். தோல் கயிற்றால் ஒன்றோடொன்று பிணைத்து வேலியாக நிறுத்தினார்கள். இரண்டு வண்டிக்கு நடுவே ஐந்தாறு மறைப்புத் தட்டிகள், பின்னால் துப்பாக்கிக்காரர்கள். அப்புறம் நூறு இருநூறு குதிரைகள் பாய்ந்து வெளியேற ஆங்காங்கே இடைவெளி விட்டார்கள். பீரங்கிதான் எல்லாம் என்றால் அந்த இடைவெளி எதற்கு?

இரு ஓரத்திலும் நின்ற குதிரைப்படை சுற்றிப் பின்பக்கம் போய் அம்பு எய்தது. இதற்குத் துலுக்மா என்று பெயர். லோடியின் ஆட்கள் முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் போக முடியாமல் நெருக்கியடித்து நின்று செத்தார்கள். பாபரின் பீரங்கித் தலைவர் உஸ்தாத் அலி குலியின் பெரிய பீரங்கி 1528-ல் கங்கைக்கரையில் முதல் நாள் எட்டு முறை சுட்டதைப் பாபர் தன் நினைவுக்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். ஒரு நாளுக்கு எட்டு! எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவில் இதைவிட அதிகமாக அதிர்வேட்டு போடுவார்கள்.

வெடிமருந்து:
700 விஷயத்தில் தவறு என்னுடையது, சரி. ஆனால் வேலி நிற்காமல் வளைக்க முடியுமா? அந்த வேலியை நிற்க வைத்தது துப்பாக்கி. பெரிய பீரங்கியை மட்டும் எண்ணிவிட்டு அதை மறந்துவிட்டீர்கள். அடுத்த வருஷம் கான்வாவில் மேவார் அரசர் ராணா சங்காவோடு மோதியபோதும் அதே வண்டி வேலி, அதே முடிவு.

குதிரைவாலி:
1540-ல் கன்னோஜில்? பாபரின் மகன் ஹுமாயூனிடமும் பீரங்கிகள் இருந்தன. ஒன்றுகூட வெடிப்பதற்குள் படை கலைந்துவிட்டது என்று அவர் பக்கம் களத்தில் இருந்த மிர்சா ஹைதரே எழுதியிருக்கிறார். ஜெயித்தவர் ஆப்கானியரான ஷேர் ஷா. 1556-ல் இரண்டாம் பானிபட்டிலோ, ஆப்கானியரின் தளபதி ஹேமுவின் பீரங்கிகளைச் சண்டைக்கு முன்பே முகலாய முன்படை பிடுங்கிவிட்டது. கடைசியில் சண்டையைத் தீர்த்தது ஹேமுவின் கண்ணில் பட்ட ஓர் அம்பு.

வெடிமருந்து:
வெறும் சத்தத்தைப் பிடுங்க முன்படை ஏன் மெனக்கெட்டது? :)

சமவெளியை விடுங்கள். 1567-68-ல் சித்தோர் மலைமேல் குதிரையா ஏறியது? தோல் போர்த்திய மூடுவழி கட்டிக்கொண்டே மதிலை நெருங்கினார்கள். கோட்டைத் தளபதி ஜெய்மல் அக்பரின் துப்பாக்கிக் குண்டுக்கு விழுந்த பிறகுதான் கோட்டை விழுந்தது.

குதிரைவாலி:
அதே சித்தோரில் இரண்டு சுரங்கம் வைத்தார்கள். ஒன்று வெடித்ததும் உடைப்பில் ஓடிய முகலாய வீரர்கள் மேலேயே இரண்டாவது வெடித்தது. அதையும் உங்கள் கணக்கிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

செஞ்சிக்காரன்:
இருவரும் வடக்கிலேயே நிற்கிறீர்கள். செஞ்சி என்றாலே நம்மவர்களுக்குத் தேசிங்கு ராஜா. அதற்கு முன் நடந்த முற்றுகையை ஊரிலேயே பலருக்குத் தெரியாது. சிவாஜியின் மகன் ராஜாராம் இங்கே வந்து ஒளிந்ததால், ஔரங்கசீப்பின் தளபதி ஜுல்பிகார் கான் 1690-ல் முற்றுகை போட்டார். பீரங்கியும் இருந்தது, குதிரையும் இருந்தது. கோட்டை விழுந்தது 1698-ல்!

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என மூன்று மலைகளையும் சேர்த்துச் சுற்றிய மதில். அதை முழுசாக வளைக்க ஆள் போதவில்லை. இடையில் மராத்தியத் தளபதிகள் சந்தாஜி கோர்படே, தனாஜி ஜாதவ் இருவரும் குதிரைப்படையோடு வந்து முற்றுகையிட்டவர்களையே முற்றுகையிட்டார்கள், தானியம் வரும் வழியை அடைத்தார்கள். 1693 ஜனவரியில் முகலாயர் வந்தவாசிக்குப் பின்வாங்க வேண்டியதாயிற்று. கடைசியில் கோட்டை கிடைத்தபோது ராஜாராம் அதில் இல்லை, முன்பே நழுவிவிட்டார்.

குதிரைவாலி:
பார்த்தீர்களா, மராத்தியர் குதிரை!

வெடிமருந்து:
மராத்தியர் குதிரைதானே? நாம் பேசுவது முகலாயரைப் பற்றி. 1687-ல் கோல்கொண்டா எட்டு மாதத்தில் விழுந்ததே?

செஞ்சிக்காரன்:
அது உள்ளே இருந்தவர் கதவைத் திறந்துவிட்டதால். செஞ்சியில் வேறு கதை. நினைத்திருந்தால் ஜுல்பிகார் கான் வந்த அன்றைக்கே பிடித்திருக்கலாம், தளபதிகள் வேலையை இழுத்தடிப்பது வழக்கம்தான் என்று அந்தப் படையோடு இருந்த பீம்சேன் எழுதி வைத்திருக்கிறார். அவர் எதிரி முகாம் ஆள் இல்லை, முகலாயச் சேவகத்தில் இருந்தவர்.

வெடிமருந்து:
இதற்கு என்னிடம் பீரங்கி இல்லை.