ஃபோர்ட் ஸ்டீவன்ஸ் கடலோரப் பூங்காவில் முதியவரோடும் பிள்ளைகளோடும் தங்குவது குறித்து

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். ஓரிகன் மாநிலத்தின் வடமேற்கு முனையில், கொலம்பியா ஆறு கடலில் கலக்கும் இடத்தை ஒட்டியிருக்கும் ஃபோர்ட் ஸ்டீவன்ஸ் மாநிலப் பூங்காவில் வரும் ஆகஸ்டு மாதம் இரண்டு இரவுகள் தங்க எண்ணியிருக்கிறோம். எழுபது வயதைக் கடந்த என் மாமியாரும், பள்ளி செல்லும் பிள்ளைகள் இருவரும் உடன் வருகிறார்கள். மலைப்பகுதிகளில் கூடாரம் அடித்துப் பழக்கம் உண்டு. கடற்கரையில் இதுவரை தங்கியதில்லை. பிள்ளைகள் இப்போதே கடல் குளியல் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களைத் தண்ணீரில் இறங்க விடலாமா? தரையில் படுக்க முடியாத மாமியாருக்கு என்ன ஏற்பாடு செய்யலாம்? அங்கே தங்கியவர்கள் விரிவாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

முதல் பதில்

வணக்கம். முதலில் கடலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்ற எல்லா ஏற்பாடுகளும் அதைப் பொறுத்தவை. ஓரிகன் கடற்கரை நடப்பதற்கும் பார்ப்பதற்கும் உரியதே தவிர, குளிப்பதற்கு உரியதன்று. கோடையின் நடுவிலும் நீரின் வெப்பநிலை பெரும்பாலும் 10 முதல் 15 டிகிரி செல்சியசுக்குள்தான் இருக்கும். அந்தக் குளிரில் நன்றாக நீந்தத் தெரிந்தவருக்கும் சில நிமிடங்களில் கைகால் ஒத்துழைக்காமல் போகும். அதைவிட அஞ்ச வேண்டியது, முன்னறிவிப்பில்லாமல் கரையின் வெகு உயரம்வரை ஏறி வந்துவிடும் திடீர்ப் பேரலை. பல நிமிடங்கள் சிற்றலைகளாக மடிந்துகொண்டிருந்த கடல், ஒரே வீச்சில் நாம் பை வைத்திருக்கும் காய்ந்த மணலைத் தொட்டுவிடும். ஆகவே கடலுக்கு முதுகைக் காட்டி நிற்கக் கூடாது என்பதைப் பிள்ளைகளுக்கு முதல் பாடமாகச் சொல்லுங்கள்.

கரையில் ஒதுங்கிக் கிடக்கும் பெரிய மரத்துண்டுகளின் மேலும் அவர்களை ஏற விடாதீர்கள். அசைக்கவே முடியாத பாரமாகத் தோன்றும் அந்த மரம், கணுக்கால் அளவு நீர் வந்தாலே மிதந்து உருளும்; அடியில் சிக்கியவரை வெளியே இழுப்பது எளிதன்று. ஆற்றின் முகத்துவாரத்தில் கடலுக்குள் நீண்டு செல்லும் கற்சுவரின் மீதும் ஏற வேண்டாம்.  ஆறும் கடலும் மோதுவதைக் கரையிலிருந்தே காணலாம். கப்பல்களுக்குப் பேர்போன ஆபத்தான இடம் அது, காற்று நாளில் பார்த்தால் காரணம் புரியும்.

பிள்ளைகள் நீரில் விளையாடியே ஆக வேண்டும் என்றால் பூங்காவுக்குள்ளேயே காஃபன்பரி ஏரி இருக்கிறது. குளிப்பதற்கென்று ஒதுக்கிய பகுதிகளும் அதில் உண்டு. அலை கிடையாது, நீரும் கடலைப் போல் உறைய வைக்காது. பெரியவர் ஒருவர் எப்போதும் உடன் இருந்தால் போதும்.

இரண்டாம் பதில்

உங்கள் மாமியாருக்கு யர்ட் எனப்படும் வட்டக் கூடாரம்தான் பொருத்தம் என்பது என் கருத்து. பலகைத் தரை, கட்டில், மின்விளக்கு, வெப்பமூட்டி ஆகியவை இருக்கும். போர்வை, தலையணை, விரிப்புகளை நாமே கொண்டுபோக வேண்டும். உள்ளே அடுப்பு மூட்டிச் சமைக்க அனுமதியில்லை, ஆதலால் சமையலை வெளியே வைத்துக்கொள்ளுங்கள். ஓரிகன் பூங்காக்களில் ஆறு மாதங்களுக்கு முன்பிருந்தே முன்பதிவு தொடங்கிவிடுகிறது; ஆகஸ்டு வார இறுதிகள் மிக விரைவில் நிரம்பிவிடும். திங்கள் முதல் வியாழன்வரையான இரவுகளைத் தேடிப் பாருங்கள். யர்ட் கிடைக்காவிட்டால், மின்வசதியுள்ள இடத்தை எடுத்து உயரமான மடிப்புக் கட்டிலைப் போட்டுக்கொள்ளலாம்.

முகாமிடத்திலிருந்து கடல் கண்ணில் படாது என்பதையும் இப்போதே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் பிள்ளைகள் ஏமாந்துபோவார்கள். இடையில் மரங்களும் மணல்மேடுகளும் இருக்கின்றன. என்னைக் கேட்டால் அது நல்லதுதான்: பிற்பகலில் வடமேற்கிலிருந்து வீசும் காற்றை அந்த மரங்கள்தான் தடுக்கின்றன. கோடையிலும் பகல் வெப்பம் 20 டிகிரியைச் சுற்றியே இருக்கும், காலையில் மூடுபனி இறங்கும். விடியும்போது கூடாரத்தின் மேல்துணி மழையில் நனைந்ததைப் போல் சொட்டும்; உள்துணியைத் தொடாதபடி அதை இழுத்துக் கட்டாவிட்டால் ஈரம் உள்ளே இறங்கிவிடும். மணல் கலந்த மண்ணில் கூடாரத்தை இழுத்துக் கட்டும் சிறு முளைகள் பிடிக்காது, நீளமானவற்றைக் கொண்டுபோங்கள்.

விறகை வீட்டிலிருந்து ஏற்றிச் செல்லாமல் அங்கேயே வாங்குவது நல்லது. மரத்தை அரிக்கும் பூச்சிகள் விறகோடுதான் ஊர்விட்டு ஊர் போகின்றன.

கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. ஒரு புதன்கிழமைக்கு யர்ட் கிடைத்துவிட்டது. பிள்ளைகளோடு ரேசர் கிளாம் எனப்படும் மட்டியைத் தோண்டலாம் என்று படித்தேன். ஆகஸ்டில் அது முடியுமா? இரண்டாம் நாளில் மாமியார் அதிகம் நடக்காமல் பார்க்கக்கூடியது என்ன?

மூன்றாம் பதில்

ஆகஸ்டில் மட்டி தோண்ட முடியாது. கொலம்பியா முகத்துவாரத்திலிருந்து தெற்கே டில்லமூக் ஹெட் என்ற கடல்முனை வரையுள்ள கடற்கரையில், இளம் மட்டிகள் வளர்வதற்காக ஆண்டுதோறும் ஜூலை 15 முதல் செப்டம்பர் 30 வரை தடை இருக்கிறது. மற்ற மாதங்களில் வருவதானால் 12 வயது நிரம்பியவர்களுக்கு உரிமம் வேண்டும். மட்டியில் நச்சு சேர்ந்திருப்பதாக அறிவிப்பு உண்டா என்று புறப்படும் முன் பார்ப்பதும் கட்டாயம்.

மாமியாரைப் பீட்டர் ஐர்டேல் கப்பலின் எச்சத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். வண்டி நிறுத்துமிடத்திலிருந்து சிறு நடைதான். நான்கு பாய்மரங்கள் கொண்ட அந்த எஃகுக் கப்பல் 1906 அக்டோபர் 25 அன்று கரைதட்டியது. உயிரிழப்பு எதுவும் இல்லை. இப்போது முன்பகுதியின் துருப்பிடித்த விலா எலும்புகள் மட்டும் மணலில் நிற்கின்றன. கடல் உள்வாங்கும் நேரத்தை ஓத அட்டவணையில் பார்த்துக்கொண்டு போனால் அருகில் செல்லலாம்: இரும்பின் அடிப்பகுதியில் கொட்டலசு எனப்படும் ஓடுள்ள சிறு கடலுயிரிகள் அப்பியிருக்கும், சுற்றிலும் தேங்கிய நீரில் பிள்ளைகள் கால் நனைக்கலாம். விளிம்புகள் கூர்மையானவை, ஆகையால் ஏற விடாதீர்கள். அந்தக் கரையின் ஒரு பகுதியில் மணல்மீது வாகனங்களும் ஓடும் என்பதால், ஓடும் பிள்ளைகள்மீது கண் இருக்கட்டும்.

அங்கிருந்து பேட்டரி ரஸ்ஸல் என்ற பீரங்கித் தளம் அருகில்தான். இந்தப் பூங்கா முன்பு ராணுவக் கோட்டையாக இருந்தது; இரண்டாம் உலகப் போரின்போது, 1942 ஜூன் 21 இரவில், ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பலான ஐ-25 இந்தக் கோட்டையை நோக்கிச் சுட்டது. பீரங்கிகளின் இடத்தைக் காட்டிக்கொடுக்க விரும்பாத தளபதி, திருப்பிச் சுட வேண்டாம் என்று உத்தரவிட்டார். சேதம் அற்பமே. கான்கிரீட் அறைகள் நண்பகலிலும் இருட்டாக இருக்கும், மேல்தளத்தின் விளிம்புகளில் எல்லா இடத்திலும் தடுப்பு இல்லை. ஆளுக்கொரு கைவிளக்கு எடுத்துச் செல்லுங்கள். படியேற முடியாத மாமியார், கீழே தரைமட்டத்து அறைகளைப் பார்த்தாலே போதும்.