புதுப்பிப்பு: 27ஆம் பிரிவு பற்றி நான் எழுதியதில் ஒரு திருத்தம்

சிறுபான்மையினர், பழங்குடி மக்கள் உரிமைகள் குறித்த சர்வதேசச் சட்டத்தை இணையவழியில் படிக்கத் தொடங்கியிருப்பதாகச் சென்ற மாதம் எழுதியபோது, ஐ.நா.வின் குடிமை, அரசியல் உரிமைகள் உடன்படிக்கையின் 27ஆம் பிரிவு, தம் பண்பாடு, சமயம், மொழி ஆகியவற்றைப் பேணும் உரிமையைச் சிறுபான்மைச் சமூகங்களுக்கே வழங்குகிறது என்று குறிப்பிட்டிருந்தேன். அது தவறு. மூல வாசகத்தைச் சொல் சொல்லாக வாசித்தபோதுதான், அந்த உரிமை சிறுபான்மையினரைச் 'சேர்ந்த நபர்களுக்கு' உரியது என்பதும், அதை அவர்கள் தம் குழுவினரோடு சேர்ந்து அனுபவிக்கலாம் என்பதும் புரிந்தன.

இதைத் தெளிவாக்கியது கனடாவின் சாண்ட்ரா லவ்லேஸ் வழக்கு. மாலிசீட் பழங்குடியில் பிறந்த அவர், பழங்குடியல்லாத ஒருவரை மணந்ததால், கனடாவின் 'இந்தியர் சட்டத்தின்' (Indian Act) கீழ் 'இந்தியர்' (அங்கே பழங்குடியினரைக் குறிக்கும் சொல்) என்ற சட்டத் தகுதியை இழந்தார். மணவாழ்க்கை முறிந்த பிறகும், பிறந்து வளர்ந்த டோபிக் என்ற, பழங்குடியினருக்கென ஒதுக்கப்பட்ட குடியிருப்பில் வாழும் சட்ட உரிமை அவருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. அதே சட்டம் ஆண்களுக்கு இந்த இழப்பை விதிக்கவில்லை என்று படித்தபோது மனம் கனத்தது. 27ஆம் பிரிவு மீறப்பட்டதாக ஐ.நா. மனித உரிமைகள் குழு 1981இல் முடிவு செய்தது. 1985இல் கனடா அச்சட்டத்தைத் திருத்தியது.

மாறாக, 144 நாடுகளின் ஆதரவுடன் 2007இல் ஏற்கப்பட்ட பழங்குடி மக்கள் உரிமைப் பிரகடனத்தின் 3ஆம் பிரிவு, சுயநிர்ணய உரிமையை 'மக்கள்' என்ற கூட்டுக்கே அளிக்கிறது. ஆயினும் அந்தப் பிரகடனம், நாடுகளைச் சட்டப்படி கட்டுப்படுத்தும் உடன்படிக்கை அன்று. புதிதாகப் படிக்க வருவோர் இவ்விரு வாசகங்களையும் அருகருகே வைத்து வாசிக்குமாறு வேண்டுகிறேன்.