கட்ஆஃப் 171.5, அரசுப் பள்ளி: சி.எஸ்.இ.க்கு செட்டிக்கரையா, பர்கூரா, ஓசூரா?

பாலக்கோட்டான்:
வணக்கம். தங்கச்சி இந்த வருஷம் பிளஸ் டூ முடிச்சிருக்கா. கணக்கு 88, இயற்பியல் 84, வேதியியல் 83. ஆறாவதுலேருந்து அரசுப் பள்ளிதான். எம்.பி.சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் (சி.எஸ்.இ.)தான் வேணும்ங்கறா. செட்டிக்கரை (தர்மபுரி) அரசு இன்ஜினியரிங் காலேஜ், பர்கூர் (கிருஷ்ணகிரி) அரசு காலேஜ், ஓசூர் பக்கம் ஒரு தனியார்ல ஏ.ஐ. அண்ட் டேட்டா சயின்ஸ். இன்ஜினியரிங் கவுன்சிலிங் சாய்ஸ் லிஸ்ட்ல எதை மேல போடறது? முதல் பட்டதாரி சர்டிஃபிகேட் வாங்கணுமா (நான் பி.காம்.)? இதுக்கு நடுவுல பெங்களூர்ல சீட் வாங்கித் தரேன்னு ஒரு ஏஜென்ட், 50,000 அட்வான்ஸ் கொடுங்கன்னு தினமும் போன் பண்றார்.

காரிமங்கலம் வாத்தியார்:
கட்ஆஃப் சரிதான். கணக்கு அப்படியே 88, மத்த ரெண்டும் பாதி பாதி, 42 + 41.5. ஆக 171.5.

உங்க கேள்வியில பெரிய விஷயத்தை விட்டுட்டீங்க. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளின்னா 7.5% ஒதுக்கீடு இருக்கு. அதுக்குத் தனி ரேங்க். அதுல சேர்ந்தா படிப்புக் கட்டணம், ஹாஸ்டல் கட்டணம் எல்லாம் அரசு பாத்துக்கும். அரசு உதவி பெறும் பள்ளி இந்தக் கணக்குல வராது. நடுவுல ஒரே ஒரு வருஷம் அங்க படிச்சிருந்தாலும் சிக்கல். ஏழு வருஷத்துக்கும் தலைமையாசிரியர் கையெழுத்தோட சான்று வேணும், ரெண்டு பள்ளியில படிச்சிருந்தா ரெண்டு இடத்துலயும் வாங்கணும்.

முதல் பட்டதாரி சர்டிஃபிகேட்டுக்கு அலையாதீங்க. கூடப் பிறந்தவங்க யாராவது டிகிரி முடிச்சிருந்தா கிடைக்காது. நீங்க பி.காம்., அவ்வளவுதான்.

லிஸ்ட்டுக்கு வருவோம். போன வருஷ கட்ஆஃப் பட்டியலை எடுத்து ஓ.சி. (பொதுப் பிரிவு) கட்டத்தைப் பாத்துட்டு பயந்துடறாங்க. நீங்க எம்.பி.சி. கட்டத்தைப் பாருங்க, 7.5% அலாட்மெண்ட்டைத் தனியாப் பாருங்க. ஒரு வருஷம் போதாது, மூணு வருஷம் பாக்கணும். அப்புறம் கிண்டி, எம்.ஐ.டி., கோவை ஜி.சி.டி., சேலம் அரசு காலேஜ் எல்லாத்தையும் மேல போட்டுட்டுத்தான் பர்கூர், செட்டிக்கரைக்கு வரணும். கிடைக்காததை மேல போட்டா கீழ இருக்கறதும் போயிடும்னு ஊர்ல ஒரு நம்பிக்கை இருக்கு, அது தப்பு. கம்ப்யூட்டர் உங்க ரேங்க் வரும்போது மேலேருந்து ஒண்ணொண்ணாப் பாத்து, எது காலியா இருக்கோ அதைக் கொடுக்கும். ஆனா செட்டிக்கரையை ‘சேஃப்’னு முதல்ல போட்டா அது கிடைச்சதும் கீழ எதையும் பாக்காது. சாய்ஸுக்கு எண்ணிக்கை வரம்பு இல்ல, தாராளமாப் போடுங்க.

பர்கூர் ரோடு:
வாத்தியார் சொன்னதுக்கு மேல சேர்க்க ரெண்டு விஷயம்.

சி.எஸ்.இ.யா, ஏ.ஐ. டேட்டா சயின்ஸான்னு பேரை வெச்சு முடிவு பண்ணாதீங்க, பாடத்திட்டத்தைப் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. அண்ணா பல்கலை 2021 ரெகுலேஷன்ல (பாடத்திட்ட விதி) சி.எஸ்.இ.க்கு தியரி ஆஃப் கம்ப்யூட்டேஷன், கம்பைலர் டிசைன் கட்டாயமா இருந்தது. ஏ.ஐ.யில அந்த இடத்துக்கு டீப் லேர்னிங் மாதிரி பாடங்கள். பின்னாடி கேட் (எம்.டெக். நுழைவுத் தேர்வு) எழுதணும்னா அந்த ரெண்டுலயும் கேள்வி வரும், தானாப் படிக்கணும். சி.எஸ்.இ. கிடைக்காம ஐ.டி. கிடைச்சா யோசிக்காம எடுங்க. பெரிய வித்தியாசம் இல்ல. ஓசூர் காலேஜ் அட்டானமஸா (தன்னாட்சி) இருந்தா பாடத்திட்டம் அவங்களோடது, அதை அவங்க வெப்சைட்லதான் எடுக்கணும்.

அடுத்தது டிபார்ட்மெண்ட். ‘எங்க காலேஜுக்கு என்.பி.ஏ. (தர அங்கீகாரம்) இருக்கு’ன்னா எந்தப் பிரிவுக்கு, எந்த வருஷம் வரைக்கும்னு கேளுங்க. என்.பி.ஏ. பிரிவு பிரிவாத்தான் தராங்க, மெக்கானிக்கலுக்கு வாங்கினதை போர்டுல போட்டு சி.எஸ்.இ. அட்மிஷன் நடக்கும். ஏ.ஐ.சி.டி.இ. (தொழில்நுட்பக் கல்விக் கவுன்சில்) கணக்குப்படி 20 மாணவருக்கு ஒரு ஆசிரியர். சீட் எண்ணிக்கைக்கு இருந்த உச்சவரம்பை 2024-ல எடுத்ததுலேருந்து சில இடத்துல 60 சீட் 240 ஆகியிருக்கு, ஆசிரியர் அந்த வேகத்துல வரல. லேபுக்குள்ள போயி எத்தனை சிஸ்டம் ஓடுதுன்னு எண்ணுங்க. மூடி வெச்ச மானிட்டரை எண்ணாதீங்க.

பிளேஸ்மெண்ட்ல ‘400 ஆஃபர்’னா 400 பேர் இல்ல, ஒருத்தரே மூணு வாங்கியிருப்பார். எத்தனை பேருக்கு வேலை, நடு சம்பளம் (வரிசைப்படுத்தினா நடுவுல வர்றது) எவ்வளவு, இந்த ரெண்டை மட்டும் கேளுங்க. பதில் சுத்திச் சுத்தி வந்தா புரிஞ்சுக்கலாம்.

அரசு காலேஜ்லயும் குறை இருக்கு. பேராசிரியர் பணியிடம் காலியா இருந்தா கௌரவ விரிவுரையாளரை வெச்சு ஓட்டுவாங்க. செட்டிக்கரை 2013-ல வந்தது, பர்கூர் 1994. பழைய மாணவர் வட்டம் பர்கூர்ல பெருசு. ரெண்டுலயும் சி.எஸ்.இ. கிடைக்கும்னா பர்கூரை மேல போடுவேன், ஹாஸ்டல்ல விட சம்மதம்னா.

தொப்பூர் மேடு:
ஏஜென்ட் விஷயம். பணம் கொடுக்காதீங்க, ஒரிஜினல் மார்க்‌ஷீட்டைக் கையில கொடுக்கவே கொடுக்காதீங்க. கடைசித் தேதிக்குள்ள விலகினா 1,000 ரூபாய் பிடிச்சுட்டு மீதியைத் திருப்பணும்னு ஏ.ஐ.சி.டி.இ. விதி இருக்கு. அது காலேஜ் ரசீதுக்குத்தான், ஏஜென்ட் துண்டுச்சீட்டுக்கு இல்ல. கர்நாடகா தனியார் காலேஜுக்கு ஒழுங்கான வழி காமெட்கே தேர்வு. அங்க சேர்ந்தா 7.5% சலுகையும் கிடையாது.

புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1,000 வரும், அதுக்கு ஆதார் இணைச்ச பேங்க் அக்கவுண்ட் தங்கச்சி பேர்ல இருக்கணும். இப்பவே பாத்துடுங்க.

பாலக்கோட்டான்:
ரொம்ப நன்றி எல்லாருக்கும். செட்டிக்கரை சி.எஸ்.இ. வந்து, பர்கூருக்காகக் காத்திருக்கணும்னா எதை அழுத்தணும்?

காரிமங்கலம் வாத்தியார்:
‘அக்செப்ட் அண்ட் அப்வர்ட்’. வந்த சீட்டும் கையில இருக்கும், மேல உள்ளதுல இடம் காலியானா அதுவும் வரும். சொன்ன தேதிக்குள்ள உதவி மையத்துக்குப் போய் உறுதி பண்ணணும். ஒண்ணு மட்டும் ஞாபகம்: பர்கூர் வந்துட்டா செட்டிக்கரை தானா அடுத்தவருக்குப் போயிடும், திரும்பக் கேக்க முடியாது. அதனால செட்டிக்கரைக்கு மேல இருக்கற ஒவ்வொரு வரியும் நிஜமாவே போய்ப் படிக்கற இடமா இருக்கட்டும்.

‘டிக்ளைன் அண்ட் அப்வர்ட்’ பக்கம் போகாதீங்க, மேல கிடைக்கலைன்னா கையில ஒண்ணும் இருக்காது. தற்காலிக அலாட்மெண்ட்டை உறுதி பண்ண ரெண்டு நாள்தான். பதிவு பண்ணினப்ப கொடுத்த போன் நம்பரும் மெயிலும் உங்களோடதா, பிரவுசிங் சென்டர்காரரோடதான்னு இன்னைக்கே பாருங்க.