பால்வாடியிலிருந்து பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள்

இங்கே பலரும் தாங்கள் பெற்ற பிள்ளைகள் வளர்ந்ததைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் இரண்டு பிள்ளைகள் உண்டு. ஆனால் நான் சொல்ல வருவது ஊரார் பிள்ளைகளைப் பற்றி. திருவாரூர் மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் அங்கன்வாடிப் பணியாளராக இருக்கிறேன். ஊரில் யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. மையம் என்றால் பால்வாடி, நான் பால்வாடி டீச்சர். இரண்டு வயதில் அழுதுகொண்டே வருகிற பிள்ளையை ஐந்து வயதில் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி வைப்பதுதான் என் வேலை. பிள்ளை அழாமல் போனால் என் வேலை நன்றாக நடந்திருக்கிறது என்று அர்த்தம். அப்படி நன்றாக நடக்கிற வருஷங்களில்தான் மனசு அதிகமாகக் கிடந்து அடித்துக்கொள்கிறது.

தினமும் பார்க்கிற அம்மாவுக்குப் பிள்ளை வளர்வது கண்ணுக்குத் தெரியாது. எனக்கு அது தாளில் தெரியும். மாதா மாதம் எடை போட்டு, உயரம் அளந்து, வளர்ச்சி அட்டையில் புள்ளி வைக்க வேண்டும். பச்சைப் பட்டையில் இருந்தால் நல்லது, மஞ்சள் வந்தால் கவனிக்க வேண்டும், ஆரஞ்சு வந்தால் உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போக வேண்டும். இப்போது எல்லாவற்றையும் போனில் போஷன் டிராக்கர் என்கிற அரசு செயலியிலும் ஏற்றுகிறோம். இருந்தாலும் எனக்கு அட்டைதான் பிடிக்கும். புள்ளிகளைச் சேர்த்துக் கோடு இழுத்தால் அந்தப் பிள்ளைக்கு நடந்ததெல்லாம் அதில் இருக்கும். வயிற்றுப்போக்கு வந்த மாதம் கோடு இறங்கியிருக்கும். தம்பி பிறந்து அம்மா கவனம் அந்தப் பக்கம் போன மாதம் ஏறாமல் படுத்துக் கிடக்கும். அப்புறம் மெல்ல நிமிரும்.

எடை போடும்போது அம்மாக்கள் சொல்வது எப்போதும் ஒன்றுதான். "புள்ள இளைச்சுப் போச்சே டீச்சர், சோறே திங்க மாட்டேங்குது." முதல் வருஷத்தில் பிறந்த எடை மூன்று மடங்காகிவிடும். அந்த வேகத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அதற்குப் பிந்தைய வளர்ச்சி போதாது. இரண்டு வயதுக்கு மேல் வருஷத்துக்கு ஏறக்குறைய 2 கிலோதான் கூடும், உயரமோ 7, 8 சென்டிமீட்டர் ஏறும். கன்னத்துச் சதை வடியும், மடிப்பு விழுந்த தொடை நீளும், உப்பின வயிறு உள்ளே போகும். அது இளைப்பு இல்லை, குழந்தை பிள்ளையாகிற மாற்றம். கோட்டைக் காட்டி, "பாரும்மா, ஏறிக்கிட்டுத்தான் இருக்கு" என்று சொல்வேன். அம்மா முகத்தில் நிம்மதி வரும். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தக் கன்னம் இனி வராதுல்ல டீச்சர்?" என்று கேட்டாள் ஒருத்தி. வராது என்றுதான் சொல்ல முடிந்தது.

2020 மார்ச்சில் கொரோனாவுக்காக மையங்களை மூடினார்கள். வீடு வீடாகப் போய் அரிசி, பருப்பு, முட்டை, சத்துமாவு கொடுத்தோம். வாசலில் நின்று கொடுத்துவிட்டு வந்துவிட வேண்டும், யாரையும் தூக்க முடியாது. அந்தக் காலத்து அட்டைகளை எடுத்துப் பார்த்தால் நடுவில் புள்ளி இல்லாத வெள்ளை இடம் இருக்கிறது. அதற்கு முந்தைய புள்ளியில் இருந்த பிள்ளை வேறு, பிந்தைய புள்ளியில் இருந்த பிள்ளை வேறு. ஐந்து வயது நிறைந்தவர்கள் திரும்பி வரவே இல்லை, நேராகப் பள்ளியில் பெயர் கொடுத்துவிட்டார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு மட்டும் நான் பூ வைத்து, பொட்டு வைத்து, சான்றிதழ் கொடுத்து அனுப்பவில்லை. ஊருக்குள்ளேதான் இருக்கிறார்கள், தினம் பார்க்கிறேன். இருந்தும் அது குறையாகவே இருக்கிறது.

முன்னெல்லாம் பள்ளியில் சேர்க்க வயதுச் சான்று கேட்க மாட்டார்கள். வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்வார்கள், தொட்டுவிட்டால் சேர்த்துக்கொள்வார்கள். இன்று யாரும் அப்படிக் கேட்பதில்லை, ஆனால் தாத்தா பாட்டி சொல்லிக் கொடுத்துப் பிள்ளைகள் இன்னும் அதைச் செய்துகொண்டிருக்கிறார்கள். அதில் விஷயம் இருக்கிறது. சின்னக் குழந்தைக்கு உடம்போடு ஒப்பிட்டால் தலை பெரிது, கை குட்டை. மூன்று வயதுப் பிள்ளை எவ்வளவு எக்கினாலும் விரல் உச்சந்தலையைத் தாண்டிக் கொஞ்ச தூரம்தான் போகும். மாதங்கள் போகப் போக விரல் இறங்கிக்கொண்டே வரும். ஒரு நாள் நுனி விரல் காதில் பட்டதும் ஓடி வந்து, "டீச்சர், தொட்டுட்டேன், தொட்டுட்டேன்!" என்று குதிப்பார்கள். கைதட்டி எல்லோரையும் பாராட்டச் சொல்வேன். ஆயாம்மா மட்டும் அடுப்படியிலிருந்து என் முகத்தைப் பார்ப்பார். அவருக்கும் தெரியும், இனி இந்தப் பிள்ளை கொஞ்ச நாள்தான்.

மூன்று, மூன்றரை வயதுக்கு முந்தையது எதுவும் பெரும்பாலானவர்களுக்கு நினைவில் தங்குவதில்லை. நான் அவர்களோடு இருக்கிற காலத்தில் கிட்டத்தட்ட பாதி அதில் போய்விடும். தானாகச் சாப்பிடக் கற்றது, கழிவறைக்குப் போகணும் என்று சொல்லக் கற்றது, பக்கத்துப் பிள்ளையைக் கடிக்காமல் இருக்கக் கற்றது எல்லாம் எனக்கு நினைவிருக்கும், அவர்களுக்கு இருக்காது.

போன வருஷம் மன்னார்குடி பஸ்ஸில் ஓர் அம்மாவையும் மகளையும் பார்த்தேன். மகள் கல்லூரியில் படிக்கிறாள். "ஏடி, இவங்கதான் ஒன் பால்வாடி டீச்சர்" என்று அம்மா சொன்னதும் அந்தப் பெண் எழுந்து, "உக்காருங்க மேடம்" என்று இடம் கொடுத்தாள். மரியாதையான பிள்ளை. ஆனால் அந்தக் கண்ணில் என்னைத் தெரிந்த அடையாளம் எதுவும் இல்லை. எனக்கோ அவளை அப்படியே தெரியும். மதியம் பாயில் படுத்தால் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவாள். கையை விடுவித்தால் விழித்துவிடுவாள். அதனால் அவள் பக்கத்தில் உட்கார்ந்துதான் பதிவேடு எழுதுவேன். முட்டையில் மஞ்சளை மட்டும் தின்றுவிட்டு வெள்ளையைப் பாவாடைப் பையில் ஒளித்துவைப்பாள். இதையெல்லாம் சொல்லச் சொல்ல அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "அப்புறம்? நான் ரொம்ப அழுவேனா? பாட்டெல்லாம் பாடுவேனா?" என்று ஊர் வரும்வரை கேட்டுக்கொண்டே வந்தாள். யாரோ ஒரு குழந்தையின் கதையைக் கேட்பது போலக் கேட்டாள். எனக்கு வருத்தமாகவும் இருந்தது, ரொம்பப் பெருமையாகவும் இருந்தது. இறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இப்போது ஐந்து வயதுவரை காத்திருக்கிற வீடுகள் குறைந்துவிட்டன. மூன்று வயது ஆனதும் வேன் வந்து எல்.கே.ஜி.க்குக் கூட்டிப் போய்விடுகிறது. முன்கூட்டியே சொல்லக்கூடத் தயங்கி, "நாளையிலேருந்து வரமாட்டான் டீச்சர், தப்பா நெனச்சிக்காதீங்க" என்பார்கள். நன்றாகப் படிக்கட்டும் என்று மனதாரத்தான் சொல்கிறேன். ஆனால் மூன்று வயது ரொம்பச் சின்ன வயது. பாதித் தூக்கத்தில் எழுப்பி, டை கட்டி, பைமூட்டையோடு வேனில் ஏற்றுவதைப் பார்க்கும்போது அடிவயிற்றில் என்னவோ செய்கிறது. இன்னும் இரண்டு வருஷம் விளையாட விட்டிருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. இது என் அபிப்பிராயம், ஒத்துக்கொள்ளாதவர்கள் இருக்கலாம்.

இந்த வருஷம் ஒன்றாம் வகுப்புக்குப் போகிறவர்களுக்குச் சான்றிதழில் பெயர் எழுத ஆரம்பித்துவிட்டேன். அவர்களில் ஒருத்தி இன்னும் செருப்பை வலது இடது மாற்றித்தான் போடுகிறாள். இன்னொருவன் மூடி திறக்கத் தெரியாமல் தண்ணீர் பாட்டிலை ஆயாம்மாவிடம் நீட்டுகிறான். அங்கே நாற்பது பிள்ளைகளுக்கு நடுவில் யார் திறந்து கொடுப்பார்கள்? ஜூனில் பள்ளி திறப்பதற்குள் இரண்டையும் சொல்லிக் கொடுத்துவிட வேண்டும்.