கழியோரத்தில் கடிப்பது எல்லாம் கொசு இல்லை

உப்பங்கழிப் பக்கம் குடியிருந்தால் மழைக்குத்தான் கொசு வரும் என்ற கணக்கு உதவாது. இங்கே அமாவாசையும் பௌர்ணமியும்தான் கணக்கு. அப்போது ஓதம், அதாவது கடல்நீர் ஏற்றம், உயர ஏறி சதுப்பு நனைந்ததும், ஈர மண்ணில் முன்பே கிடந்த முட்டைகள் எல்லாம் ஒன்றாகப் பொரித்து, வெயில் காலமென்றால் ஒரு வாரம் பத்து நாளில் கூட்டமாகக் கிளம்பிவிடும். வீட்டில் வாளி, தொட்டியைக் கவிழ்த்து வைத்தும் எங்களுக்குப் பெரிய பலன் இல்லை, இந்தக் கொசு பல கிலோமீட்டர் பறந்து வரும் ஜாதி. அதைவிடக் கொடுமை, சாயங்காலம் காற்று அடங்கியதும் வருகிற பொடிப்பூச்சி. கடித்தால் மிளகாய்த்தூள் பட்டதுபோல எரியும், ஆளைத் தேடினால் கண்ணில் படாது, ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான், சாதாரணக் கொசுவலை ஓட்டையிலேயே நுழைந்துவிடும். ஆனால் பறப்பதில் சோப்ளாங்கி! மின்விசிறியை வேகமாக வைத்தால் கிட்ட வராது.

—

எங்கள் வீட்டில் உண்ணிதான் தலைவலி, நாய் இருக்கிறதே. புதருக்குள் போய்விட்டு வந்தால் காது மடலுக்குள்ளும் கால் விரலிடுக்கிலும் பார்த்துவிடுவேன். உண்ணி குதிக்காது, பறக்காது, புல் நுனியில் முன்னங்காலை நீட்டிக்கொண்டு காத்திருக்கும், உரசினால் தொற்றிக்கொள்ளும், அவ்வளவுதான். மண்ணெண்ணெய் ஊற்று, தீக்குச்சியால் சுடு என்று ஆளாளுக்கு வைத்தியம் சொல்வார்கள், கேட்காதீர்கள். கூர்முனை ட்வீசரால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக, நிதானமாக இழுத்தால் வந்துவிடும். அப்புறம் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். நாயை மட்டும் கவனித்தால் போதாது, நாய் உண்ணி சுவர் வெடிப்புக்குள் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். ஒரு விஷயம், பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி கலந்த நாய் மருந்து பூனைக்கு விஷம். இரண்டும் வளர்ப்பவர்கள் டப்பாவில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்காமல் போடவே கூடாது.

—

கடியோடு போனால் பரவாயில்லை. அப்பாவுக்கு விடாத காய்ச்சல், கூடவே மண்டையைப் பிளக்கும் தலைவலி, மாத்திரைக்கு அடங்கவில்லை. கடைசியில் ஒரு டாக்டர் சட்டையைக் கழற்றச் சொல்லி அக்குளைப் பார்த்தார், அங்கே வலியே இல்லாத கருப்புப் பொருக்கு. ஸ்கிரப் டைபஸ். புதரில் இருக்கும் ஒரு நுண்பூச்சியின் குஞ்சு கடித்து வருவது, கடித்ததே தெரியாது. டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்ததும் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கியது. பொருக்கு எல்லோருக்கும் வராதாம், அதனால் புதர்ப் பக்கம் போய்வந்ததை நீங்களாகவே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.